இரண்டு முறை தொட்ட பெயர்கள்

ஒருவர் ஒரு பெயரின்மீது விரலை வைத்தால், அவர் அந்தப் பெயரைப் படிக்கிறாரா, தேர்ந்தெடுக்கிறாரா? பட்டம் வாங்கிய நாளில் யாராவது இதை என்னிடம் கேட்டிருந்தால் சிரித்திருப்பேன். ஒரு புதன்கிழமைக் காலையில், ஈரத் தலையோடு இருபத்துநான்கு பேர் தெருவில் நின்று கிட்டத்தட்ட இதே கேள்வியைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதற்குக் காரணமானவரை முதலில் அறிமுகப்படுத்திவிடுகிறேன். காஞ்சிபுரம் நகரத்தில் அவருடைய விரல் படாத எழுத்து ஒன்றுகூட இல்லை. கோயில் கல்வெட்டு, பேருந்து நிலைய நேரப் பலகை, கல்யாணச் சுவரொட்டி, மருந்துக்கடை ரசீது என்று எதுவாக இருந்தாலும், வலக்கை ஆட்காட்டி விரலை முதல் எழுத்தில் ஊன்றி, கடைசி எழுத்துவரை நகர்த்தி, வாய்விட்டுப் படித்தால்தான் அவருக்கு அது படித்த கணக்கு. ஊர் அவரை விரலண்ணன் என்று அழைத்தது. அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. அது அலுவலக வருகைப் பதிவேட்டில் மட்டும் வாழ்ந்தது. அதையும் அவர் தினமும் காலையில் தொட்டுப் படித்து, தான் வந்திருப்பதை உறுதி செய்துகொண்ட பிறகுதான் கையெழுத்திடுவார்.

இந்தப் பழக்கம் வானத்திலிருந்து விழவில்லை. எங்கள் அலுவலகத்துக்கு வருமுன் அவர் ஒரு பட்டுச் சேலைக் கடையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் சரிபார்ப்பவராக இருந்தார். தறியிலிருந்து வரும் ஒவ்வொரு சேலையையும் விரித்து, தலைப்பிலிருந்து முழம் முழமாக விரலுக்கடியில் ஓடவிட்டு, அறுந்த இழையையும் முடிச்சையும் கண்டுபிடிப்பது அவர் வேலை. அந்த விரல் பிறகு ஓயவே இல்லை.

“கண்ணு ஏமாத்தும்மா. விரலு ஏமாத்தாது” என்பார். இதை அவர் சொன்ன இடம்தான் விசேஷம். எங்களுடையது ஏழை நெசவாளர்களுக்குக் கண் சிகிச்சை ஏற்பாடு செய்யும் ஒரு சிறிய அறக்கட்டளை. அவர் தலைக்கு மேல், ஓர் ஆள் உயரத்துக்குக் கண் படம் வரைந்த சுவரொட்டி ஒன்று இமைக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருக்கும்.

ஒரு கல்யாணத்தில், முன்வரிசையில் அமர்ந்திருந்த முன்பின் தெரியாத பெரியவர் ஒருவரின் பட்டு அங்கவஸ்திரத்தின் நுனி விரலண்ணன் கைக்கு எட்டியது. எட்டியதும் விரல் தானாக ஓடத் தொடங்கிவிட்டது. முகூர்த்த நேரத்தில், நாதஸ்வரம் உச்சத்தில் இருக்கும்போது, அவர் முன்னால் குனிந்து அந்தப் பெரியவரின் காதில், “சார், ரெண்டாவது முழத்துல ஒரு இழை விட்டுக்குது” என்றார். பெரியவர் மணமகனின் தந்தை. அட்சதை போடவேண்டிய நேரத்தில் அவர் தோளிலிருந்ததை அவிழ்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்ததை வீடியோக்காரர் முழுமையாகப் பதிவு செய்திருக்கிறார். இழை விட்டிருந்தது உண்மைதான்.

ஏனாத்தூர் கல்லூரிச் சாலையில் புதிதாக ஒரு கடைப் பலகை எழுதி வைத்திருந்தார்கள். பெயின்ட் காயவில்லை என்று தனியாக ஒரு அட்டையும் தொங்கியது. விரலண்ணன் முதலில் பலகையைப் படித்தார். பிறகு அட்டையைப் படித்தார். பலகையை மறுபடி எழுத வேண்டியதாயிற்று. அட்டையிலும் ஒரு நீலக் கறை.

நான் வேலையில் சேர்ந்த முதல் வாரம், என்னை வரவேற்கும் விதமாகக் காலை நாஷ்டாவுக்கு ஓர் ஓட்டலுக்கு அழைத்துப் போனார். மேசையில் இருந்த அட்டையில் விரலை வைத்து, “இட்லி… வடை… பொங்கல்… பூரி…” என்று நிதானமாக அவர் படிக்கப் படிக்க, பக்கத்தில் நின்ற பரிமாறுபவர் எழுதிக்கொண்டே போனார். பதினோரு தட்டுகள் வந்தன.

“இன்னாபா இது? நான் படிச்சிக்கினு இருந்தேன்!”

“நீ ஒவ்வொண்ணா தொட்டுத் தொட்டுக் காமிச்சே, அண்ணாத்தே. நான் இன்னான்னு நெனைக்கிறது?”

அன்றே எனக்கு உறைத்திருக்க வேண்டும். நான் பூரியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த அறக்கட்டளையில் என் வேலை, நோட்டுப் புத்தகத்தில் இருந்த நோயாளிகள் பட்டியலை இணையப் பக்கமாக மாற்றுவது. கிராமங்களில் முகாம் நடக்கும். மருத்துவர் பரிசோதித்து, சிலருக்குக் கண்புரை அறுவை சிகிச்சை தேவை என்பார். மற்றவர்களுக்குச் சொட்டு மருந்தோ கண்ணாடியோ போதும். அறுவை சிகிச்சைக்கு உரியவர்களைப் பட்டியலில் தேர்வு செய்து ஒரு பொத்தானை அழுத்தினால், அவர்களுடைய கைபேசிக்கு மட்டும் செய்தி போகும்: நாளைக் காலை ஆறு மணிக்குத் தலைக்குக் குளித்துவிட்டு வாருங்கள், மருத்துவமனைக்குப் பேருந்து புறப்படுகிறது. சிகிச்சைக்குப் பிறகு சில நாள் தலையில் தண்ணீர் விடக்கூடாது என்பதால் அந்தக் குளியல்.

நான் எதையும் யோசிக்காமல் செய்பவள் அல்ல. இணையப் பக்கங்களில் பட்டியல் காட்டும்போது ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் ஒரு சிறிய சதுரக் கட்டம் வைப்பார்கள். அதைத் தொட்டால் டிக் விழும். அந்த வரி தேர்வாகும். மறுபடி தொட்டால் டிக் போய்விடும். கொடையாளர் ஒருவர் வாங்கித் தந்திருந்த பெரிய தொடுதிரையில் அந்தக் கட்டம் ஒரு மிளகு அளவுக்குத் தெரிந்தது. தறியிலும் பாவு நூலிலும் உழைத்துத் தடித்த எங்கள் ஊழியர்களின் விரல்களால் அதைச் சரியாகத் தொட முடியுமா என்று கவலைப்பட்டேன். எனவே வரி முழுவதையும் ஒரே கட்டமாக ஆக்கினேன். பெயரைத் தொட்டாலும், ஊரைத் தொட்டாலும், வரியில் எந்த இடத்தைத் தொட்டாலும் டிக் விழும். தேர்வான வரி கண்ணை உறுத்தாத இளமஞ்சள் நிறம் பெறும். மின்சாரம் போனாலும் உழைப்பு வீணாகாதபடி தேர்வு தானாகச் சேமிக்கப்படும். எத்தனை பேர் தேர்வாகியிருக்கிறார்கள் என்ற எண்ணிக்கை மேலே பெரிய எழுத்தில் நிற்கும். இவ்வளவும் எளியவர்களின் வசதிக்காக என்று நிர்வாகிகளுக்கு மூன்று பக்கக் குறிப்பும் எழுதிக் கொடுத்தேன். அந்தக் குறிப்பு இன்னும் என்னிடம் இருக்கிறது. வெட்கமாக இருக்கும் நாட்களில் அதை எடுத்துப் படிப்பதில்லை.

தொடுதிரையைப் பார்த்ததும் விரலண்ணன் அடைந்த மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. அதுவரை கணினிப் பக்கமே வராதவர், ஒரு பட்டுத் துண்டால் அதைத் துடைத்து, “இதாம்மா நம்ம ஆளு. விரலுக்கு மதிப்புக் குடுக்குது பாரு” என்றார்.

முதல் பட்டியலில் நாற்பத்தெட்டுப் பெயர்கள். மருத்துவமனை அந்தப் புதன்கிழமைக்கு ஒதுக்கிய படுக்கைகள் இருபத்துநான்கு. அறுவை சிகிச்சை தேவைப்பட்டவர்களும் சரியாக இருபத்துநான்கு பேர், பட்டியலில் சரிபாதி. அடுத்த வாய்ப்பு இரண்டு மாதம் கழித்துத்தான் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். இருபத்துநான்கு பேரில் பெரும்பாலோர் காத்திருக்கக்கூடியவர்கள். காத்திருக்கக் கூடாதவர் ஒருவர், ஐயம்பேட்டை சரோஜாம்மா. தறி நெய்பவர். வலது கண் ஏற்கெனவே போய்விட்டது. மிச்சமிருந்த இடது கண்ணில் புரை முற்றியிருந்தது. இதற்கு மேல் தள்ளிப்போட வேண்டாம் என்று மருத்துவர் சிவப்பு மையில் எழுதியிருந்தார்.

திங்கட்கிழமை நானும் விரலண்ணனும் சேர்ந்து உட்கார்ந்து இருபத்துநான்கு பேரையும் ஒழுங்காகத் தேர்வு செய்தோம். மறுநாள் மாலையில் செய்தி அனுப்புவது அவர் பொறுப்பு. செவ்வாய்க்கிழமை நான் திருப்பருத்திக்குன்றத்தில் அடுத்த முகாமுக்கு இடம் பார்க்கப் போயிருந்தேன்.

விரலண்ணன் பொறுப்பானவர். அனுப்புவதற்கு முன் சரிபார்க்காமல் விடுவாரா? பட்டியலைத் திறந்தார். முதல் பெயரில் விரலை ஊன்றினார். வாய்விட்டுப் படித்தார். அடுத்தது. அதற்கடுத்தது. ஒரு பெயரையும் விடாமல் நாற்பத்தெட்டையும் தொட்டுப் படித்தார்.

வாசகர்கள் இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டுகிறேன். ஏற்கெனவே டிக் இருந்த இருபத்துநான்கு பேர் மீதும் விரல் பட்டது. அவர்களுடைய டிக் போனது. டிக் இல்லாத இருபத்துநான்கு பேர் மீதும் விரல் பட்டது. அவர்களுக்கு டிக் விழுந்தது. முடிவில் மேலே நின்ற எண்ணிக்கை என்ன? இருபத்துநான்கு. திங்கட்கிழமை இருந்த அதே எண். “இருபத்துநான்கு பேருக்குச் செய்தி அனுப்பவா?” என்று நான் எழுதிய பக்கம் பணிவோடு கேட்டது. எண்ணிக்கை சரியாக இருக்கிறது என்ற நிம்மதியோடு அவர் பொத்தானை அழுத்தினார்.

புதன்கிழமை காலை ஆறு மணிக்கு அலுவலக வாசலில் பேருந்து தயாராக நின்றது. ஈரத் தலையும் துண்டுமாக வரிசையில் நின்றவர்களைப் பார்த்தபோது, எல்லோரும் எவ்வளவு சுறுசுறுப்பாக, யார் கையையும் பிடிக்காமல் வந்திருக்கிறார்கள் என்று வியந்தேன். ஒருவர் தூரத்தில் நின்றபடியே பேருந்தின் பின்கண்ணாடியில் ஒட்டியிருந்த சிறிய எழுத்துகளைப் படித்துத் தன் மனைவிக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

வரிசையின் முதலில் நின்றவர் தனபால், ஐயம்பேட்டை ஷேர் ஆட்டோ ஓட்டுநர். அவர் முகாமுக்குச் சவாரி கொண்டுவந்தவர். வந்ததோடு வந்ததாகக் கண்ணையும் காட்டிப் பெயர் பதிந்தவர்.

“மேடம், எனக்கு இன்னா கண்ணுல? அன்னைக்கு டாக்டரு ஒண்ணியும் இல்ல, போன்னாரு. இப்ப ஆபரேஷன்னு மெசேஜ் வந்துக்குது. வெளிச்சமே இல்லாத எடத்துல, கண்ணாடி போடாம, அந்த மெசேஜைப் படிச்சதே நான்தான்!”

“எனக்கும் வெறும் சொட்டு மருந்துதான் குடுத்தாங்கோ” என்றார் அடுத்து நின்ற அம்மாள். “அதுக்குள்ள ஆபரேஷனான்னு நைட்டெல்லாம் அழுதுக்கினு இருந்தேன். எங்க வூட்டுக்காரரு உயிலைப் பத்திப் பேச ஆரமிச்சிட்டாரு.”

விரலண்ணன், செய்தி போனவர்களின் பெயர்களை அன்று காலையில் அச்செடுத்திருந்த பட்டியலைக் கையில் வைத்து மேலிருந்து விரலை ஓட்டினார். சரோஜாம்மா இருக்கவேண்டிய ஐந்தாவது இடத்தில் வேறு பெயர் இருந்தது, விரல் நின்றுவிட்டது. அந்த விரல் பாதி வழியில் நின்று நான் பார்த்ததே இல்லை.

“ஏம்மா, சரோஜாம்மா எங்க?”

நான் கைபேசியில் பக்கத்தைத் திறந்தேன். மஞ்சளாக இருக்கவேண்டியவை எல்லாம் வெள்ளை. வெள்ளையாக இருக்கவேண்டியவை எல்லாம் மஞ்சள். ஒருவர்கூடத் தப்பவில்லை.

“அண்ணா, நேத்து நீங்க பேரையெல்லாம் தொட்டீங்களா?”

“தொடாம எப்டிம்மா படிக்கிறது?”

“தொட்டப்ப கலர் மாறலையா?”

“மாறிச்சே! ஒவ்வொண்ணும் மாறிச்சு. இருந்தது போச்சு, இல்லாதது வந்துச்சு. சரி, நான் பாத்துட்டேன்னு அதுவும் ஒத்துக்குதுன்னு நெனைச்சேன்.”

அவர் நினைத்ததில் ஒரு தவறும் எனக்குத் தெரியவில்லை. படிப்பதற்காகத் தொடுபவர் ஒருவர் உலகத்தில் இருக்கக்கூடும் என்பதை, மூன்று பக்கம் எழுதிய நான் ஒரு வரியில்கூட எண்ணிப் பார்க்கவில்லை.

பேருந்து ஓட்டுநர் தலையை நீட்டினார். “பத்து மணிக்குள்ள அங்க பதியணும். ஏழரைக்கு வண்டிய எடுத்துடுவேன், ஆமா. அப்புறம் என்னாண்ட கோச்சுக்காதீங்க.”

சரியானவர்களின் பட்டியலைக் கைபேசியிலேயே எடுத்துவிடலாம் என்று நான் அவசரமாகத் திரையைத் தட்டிக்கொண்டிருந்தேன். அதற்குள் விரலண்ணன் பேருந்தின் பக்கவாட்டுத் தகட்டில் விரலை ஊன்றி, அங்கே ஒரு பட்டியல் எழுதியிருப்பதைப் போல மேலிருந்து கீழாக நகர்த்தி, கணீரென்ற குரலில் பெயர்களைச் சொல்லத் தொடங்கியிருந்தார். பெயர், ஊர், இடது கண்ணா வலது கண்ணா என்பதுவரை. நான் பட்டியலைத் திறந்தபோது அவர் இருபதாவது பெயரில் இருந்தார். சரிபார்த்தேன். ஒன்றும் பிசகவில்லை.

அடுத்து நடந்தது நான் திட்டமிட்டது அல்ல. தவறாக வந்திருந்த இருபத்துநான்கு பேரும் ஒரே முகாமின் ஊர்க்காரர்கள். ஒவ்வொரு பெயர் விழும்போதும் வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது. “அது எங்க பக்கத்து வூடு, நான் போன் போடுறேன்.” “அவுரு எங்க சித்தப்பாதான், தூங்கிக்கினு இருப்பாரு, எழுப்பிடுறேன்.” சொட்டு மருந்து அம்மாள், உயில் பேசிய கணவரையே வண்டியோடு விரட்டினார்: “நீ போய் அந்தப் பாட்டிய இட்டுக்கினு வா. போறப்ப அந்த உயிலையும் மறந்துடு!”

ஒருவர் மட்டும் பேருந்தின் முன் இருக்கையில் ஏறி அமர்ந்து இறங்க மறுத்தார். “தலைக்குக் குளிச்சிட்டு வந்துக்கிறேன். ஆபரேஷன் பண்ணாம எப்டி வூட்டுக்குப் போறது? எல்லாரும் இன்னா கேப்பாங்க?” அவருக்கு விரலண்ணன்தான் சமாதானம் சொன்னார். “உன் கண்ணு நல்லா இருக்குதுன்னு ரெண்டாவது தடவையும் கன்ஃபார்ம் ஆயிடிச்சுபா. யாருக்குக் கெடைக்கும் இது? சந்தோஷமா எறங்கு.”

ஏழு மணிக்குள் பதினெட்டுப் பேர் வந்துவிட்டார்கள். இன்னும் ஐந்து பேர் வழியில். சரோஜாம்மாவின் மகளுடைய கைபேசிக்கு மட்டும் இணைப்பே கிடைக்கவில்லை. தனபாலின் ஆட்டோவில் நானும் விரலண்ணனும் ஐயம்பேட்டைக்குப் பறந்தோம். வழி நெடுக விரலண்ணன் ஒரு கடைப் பலகையைக்கூடப் படிக்கவில்லை. கையை மடியில் வைத்து, அந்த ஒரு விரலை மற்றக் கையால் மூடிக்கொண்டிருந்தார்.

சரோஜாம்மா தறிக் குழியில் கால் விட்டு உட்கார்ந்திருந்தார். நெய்யவில்லை, தன் கண்ணுக்குத் தெரியாத பாவு நூல்களைக் கையால் தடவிக்கொண்டிருந்தார்.

“சரோஜாம்மா, கெளம்பு. பஸ்ஸு நிக்குது.”

“யாரு, விரலண்ணனா? எனக்கு மெசேஜே வரலியே. நேத்து பூரா பொண்ண போன பாரு, பாருன்னு தொந்தரவு பண்ணி, அவ ஆத்திரத்துல போன அணைச்சே வெச்சிட்டா. சரி, நம்ம பேர எடுத்துட்டாங்கோ, அவ்ளோதான்னு நெனச்சிக்கினேன்.”

“எடுக்கலம்மா. திங்கக்கெழம ஒரு தடவ தொட்டேன், உன் பேரு சேந்திச்சு. நேத்து சரியா இருக்குதான்னு ரெண்டாவது தடவ தொட்டேன், அதுல போயிடிச்சு.”

சரோஜாம்மா குரல் வந்த திசையில் முகத்தைத் திருப்பினார். அவருக்கு அது விளங்கவில்லை.

“ரெண்டு தடவ தொட்டா இன்னும் நல்லாத்தானே சேரணும்?”

விரலண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். அதில் குற்றச்சாட்டு இல்லை. அவருக்கும் அதே சந்தேகம், அவ்வளவுதான். “அத்த இந்தப் பாப்பாவைத்தான் கேக்கணும்” என்றார்.

நான்கு ஆண்டு படித்ததில் எங்கோ ஓரிடத்தில், இரண்டாவது முறை தொட்டால் வேண்டாம் என்று பொருள் என எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். யாருக்கு அப்படிப் பொருள் என்று நான் கேட்டதில்லை. சரோஜாம்மாவின் கையைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றினேன். அது ஒன்றுதான் அப்போது செய்யத் தெரிந்தது.

நாங்கள் திரும்பியபோது மணி ஏழு ஐம்பது. ஓட்டுநர் எடுத்துவிடுவேன் என்றாரே தவிர எடுக்கவில்லை. சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, எங்கள் தெருமுனையைப் பார்த்தபடி நின்றிருந்தார். சரோஜாம்மா ஏறியதும் விரலண்ணன் படியில் நின்று, இருபத்துநான்கு பேரையும் தோளில் தொட்டுத் தொட்டுப் பெயர் சொல்லி எண்ணினார். ஒருவரும் மறைந்துபோகவில்லை.

வெள்ளிக்கிழமை அவர்கள் திரும்பி வந்தார்கள். சரோஜாம்மா பச்சைக் கண்ணாடிக்குள்ளிருந்து என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். “நீயா அந்த மேடம்? அன்னைக்கு ஆட்டோல கொரல கேட்டு, விரலண்ணன் சும்மா பாப்பான்றாரு, வயசான பெரிய ஆபீசருன்னுல்ல நெனச்சேன். இத்துனூண்டு பொண்ணா இருக்கிறே” என்றார். என் வாழ்க்கையில் நான் பெற்ற பார்வைச் சான்றிதழ்களில் அதுவே மிகத் துல்லியமானது.

நிர்வாகிகள் கூட்டத்தில், விரலண்ணனுக்குச் சரியாகப் பயிற்சி தரவில்லை என்று ஒருவர் சொன்னார். பட்டியல் வேலையிலிருந்து அவரை மாற்றிவிடலாம் என்று இன்னொருவர் சொன்னார். தவறு என்னுடையது என்று எழுந்து சொன்னேன். ஐம்பது வயதுவரை ஒரு தொழில் பழக்கிவைத்த விரலை மாற்றுவதைவிட, நான் மூன்று வாரத்தில் எழுதிய நிரலை மாற்றுவது எளிது என்றும் சொன்னேன். விரலண்ணன் கடைசி நாற்காலியில் அமர்ந்து, கூட்ட நிகழ்ச்சி நிரலைத் தொட்டுப் படித்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரமே பக்கத்தைத் திருத்தி எழுதினேன். இப்போது பெயரைத் தொட்டால் அந்த நோயாளியின் விவரம் மட்டும் திறக்கிறது, தேர்வு மாறுவதில்லை. தேர்வு செய்வதற்கென்று தனிக் கட்டம் இருக்கிறது. அதைப் பெருவிரல் அளவுக்குப் பெரிதாக்கி, பெயரிலிருந்து தள்ளி வைத்திருக்கிறேன். செய்தி அனுப்பும் முன் பக்கம் எண்ணிக்கையோடு நிறுத்திக்கொள்ளாமல் எல்லாப் பெயர்களையும் வரிசையாகக் காட்டுகிறது.

நான் இப்போது வேறு ஊரில் வேறு வேலையில் இருக்கிறேன். ஆனாலும் அந்தப் பக்கத்தை இன்னும் நானே கவனித்துக்கொள்கிறேன். முகாமுக்கு முந்தைய நாள் மாலைகளில், ஒவ்வொரு பெயரும் மூன்று முறை, நான்கு முறை திறக்கப்பட்டதாக அதில் பதிவாகிறது. யாரும் பட்டியலிலிருந்து விழுவதில்லை. விரலண்ணன் நலமாக இருக்கிறார் என்று எனக்கு அப்படித்தான் தெரியவருகிறது.